பிரிஸ்கில்லா கேட்ட கேள்வி

பிரிஸ்கில்லாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். "எதுக்கு டீச்சர், நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் எழுதலாம் என்றேன். "அப்ப அந்த அகரத்து விசயத்தை மறைக்காம எழுதுங்க. நல்லதை மட்டும் எழுதுறதுக்குக் கல்லறை இருக்கு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். ஆகவே அகரத்து விஷயத்தையே எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது நாற்பத்தெட்டு. இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. கணவர் சூசைராஜ் மின்வாரியத்தில் லைன்மேன். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நான் குடியிருக்கிறேன். பெயர் ரஃபியா. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. அவளுக்கு இரண்டுமே நேர்மாறு. அதனாலோ என்னவோ பதினான்கு வருஷமாக எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

எக்ஸ்ரே எடுப்பது என்ன பெரிய வித்தை, பொத்தானை அமுக்குவதுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். கை முறிந்து அவளிடம் போய்ப் படுத்தபோது தெரிந்துகொண்டேன். வலிக்காமல் கையைத் திருப்பி வைக்கவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். கதிர் விழும் வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் என் மணிக்கட்டு அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். "எலும்பு தெரிஞ்சாப் போதும் டீச்சர், ஊரு தெரிய வேணாம்" என்றாள். ஒரே படம். மற்ற இடங்களில் சரியாக விழவில்லை என்று இரண்டு மூன்று எடுப்பார்கள். அவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒருமுறை தப்பினால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தக் கறார் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு கதிர் பட்டது என்று அது பதிந்துவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், கல்யாணமாகி ஆறு மாதம், பேட்ஜில் எக்கச்சக்கமாகக் காட்டியது. ஒரு வாரம் பேட்ஜ் குத்திய கோட்டைக் கழற்றி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போயிருந்தாள். கதிர் பட்டது கோட்டுக்குத்தான், தனக்கு இல்லை என்று அவளே சொன்னாள். சொன்னால் போதுமா? ரத்தத்தைச் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ரத்தத்தின் வெள்ளணுக்களை வளர்த்து, ஒவ்வொரு செல்லிலும் உள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். கதிர் பட்டு இரண்டு குரோமோசோம்கள் ஒரே நேரத்தில் ஒடிந்தால், ஒட்டவைக்கிற அவசரத்தில் செல் ஒன்றின் துண்டை இன்னொன்றில் ஒட்டிவிடுவதுண்டு. வழக்கமாக ஒரு குரோமோசோமுக்கு நடுவில் சுருங்கினாற்போல் ஒரு இடுப்புதான். அப்படித் தப்பாக ஒட்டினதற்கு இரண்டு இடுப்பு இருக்கும். பேட்ஜ் பொய் சொல்லலாம், ஆள் பொய் சொல்லலாம், அந்த இரண்டு இடுப்பு பொய் சொல்லாது. நாற்பது நாள் காத்திருந்தாள். பிள்ளை வேண்டாம் என்று அந்த நாற்பது நாளும் கணவனைத் தள்ளியே வைத்திருந்தாள். ஐந்நூறு செல்லைப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை.

வேறு யாராக இருந்தாலும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறந்திருப்பார்கள். இவள் மெழுகுவர்த்தியும் ஏற்றினாள், ரயிலேறிச் சென்னைக்கும் போனாள். "ஒடிஞ்சா யாரு ஒட்டுறது? ஒட்ட முடியலைன்னா என்ன ஆவும்?" என்று அந்தக் கூடத்து டாக்டரைப் போட்டுத் துளைத்திருக்கிறாள். அவர் நல்ல மனிதர், நுண்ணோக்கியில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம் இன்றும் விடவில்லை. மாதம் ஒரு சந்தேகத்தோடு என் வீட்டுக்கு வருவாள். என் மாணவிகளில் பாதிப் பேர் கேட்காத கேள்விகளை அவள் கேட்பாள். சிலதுக்கு எனக்கே பதில் தெரியாமல் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன்.

இனி அகரத்து விஷயம்.

வயிற்றுப் பக்கம் படம் எடுப்பதற்கு முன் பெண்களிடம் கர்ப்பமா என்று கேட்டாக வேண்டும். பிரிஸ்கில்லா யாரையும் கேட்காமல் விட்டதில்லை. ஆனால் கேட்கும் விதம் அவளுடையது. கூடவே மாமனாரோ கொழுந்தனோ நிற்பார்கள், முகத்தில் அடித்த மாதிரி கேட்கக் கூடாது என்று, எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் கேட்பதைப் போல, "முழுகாம இருக்கியாம்மா?" என்பாள். மாதவிலக்கு நின்று, அதற்கான தலைமுழுக்கும் நின்றிருந்தால் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷத்தில் இந்தக் கேள்வி அவளைக் கைவிட்டதில்லை.

போன தை கடைசியில் தமிழ்மதி என்று ஒரு பெண் வந்தாள். இருபத்துநான்கு வயது. தாடிக்கொம்பு சாலையில் வேகத்தடையில் ஸ்கூட்டி தூக்கிப் போட்டு இடுப்பில் அடி. பக்கத்தில் அகரம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு ஏழு மாதம். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஓசூர், படித்தது இங்கிலீஷ் மீடியம். கீழ்முதுகுக்கு இரண்டு படம் எழுதியிருந்தார் டாக்டர். பிரிஸ்கில்லா வழக்கம்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"முழுகாம இருக்கியாம்மா?"

"இல்லக்கா, காலைலதான் தலைக்குக் குளிச்சேன்."

அந்தப் பெண்ணுக்கு முழுகாமல் என்றால் குளிக்காமல். அழுக்காக வந்து படுத்தால் மெஷினுக்கு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்து, சுத்தமாகத்தான் வந்திருக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள். பிரிஸ்கில்லாவின் காதிலோ, விலக்காகி இன்று தலைக்குக் குளித்தாயிற்று என்று விழுந்தது. ரெஜிஸ்டரிலும் அப்படியே எழுதிவிட்டுப் படத்தை எடுத்தாள். எலும்பு முறிவு எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தமிழ்மதியின் கணவன் இளஞ்செழியன் கர்ப்ப ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சென்டருக்கு வந்து சத்தம் போட்டான். தேதியைக் கணக்குப் பார்த்தால், எக்ஸ்ரே எடுத்த அன்று வயிற்றில் இரண்டு வாரக் கரு. போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று முடிவே கட்டியிருந்தான். இந்தப் போனில் படித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?" என்றான்.

"கேட்டேம்ப்பா. முழுகாம இருக்கியான்னு கேட்டேன்."

பின்னால் நின்ற தமிழ்மதி, "குளிச்சியான்னுதானேக்கா கேட்டீங்க?" என்றாள்.

பிரிஸ்கில்லாவுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போனது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். இளஞ்செழியன், "திங்கக்கிழமை ஆஸ்பத்திரில டயம் வாங்கியாச்சு. கலைச்சிரப்போறோம்" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று வெள்ளிக்கிழமை.

சென்டர் முதலாளி ரொனால்டு ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கிறார். "பிரிசியக்கா, நீங்க கேட்டதும் எழுதியிருக்கு, அந்தப் பொண்ணு சொன்னதும் எழுதியிருக்கு. நமக்கு ஒண்ணும் வராது. பேசாம இருங்க."

"ரெஜிஸ்டர் சரி சார். கேள்வி தப்பு" என்றாளாம் இவள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். பேட்ஜ் சமயத்தில் கூட அழாதவள் என் அடுப்படியில் நின்று அழுதாள். "எனக்கு வேலை போனாப் போவட்டும் டீச்சர். ஒண்ணுமில்லாததுக்கு ஒரு பிள்ளைய அழிக்கப்போறாங்க. நான் கேக்கத் தெரியாமக் கேட்டதுக்கு" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு தாளை எடுத்தாள். எவ்வளவு மின்னழுத்தத்தில், எவ்வளவு நேரம், எந்த அளவுக்குக் கட்டத்தைச் சுருக்கி எடுத்தாள் என்பது வரிசையாக இருந்தது. கதிரளவு கணக்கிடும் நிபுணர் ஒருவரை மதுரையில் போனில் பிடித்துச் சரிபார்த்திருந்தாள். கதிரை மில்லிகிரே என்ற அளவில் கணக்கிடுவார்கள்; கருவுக்குப் போயிருக்கக்கூடியது இரண்டு மில்லிகிரேக்கும் குறைவு. டாக்டர்கள் கருவைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவது நூறுக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டவுன் பஸ்ஸில் அகரம் போனோம். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அறிவியலை நான் பேசுவதாக ஏற்பாடு.

வீட்டு முன்னால் மல்லிகைத் தோட்டம், அதை ஒட்டித் தென்னை. இளஞ்செழியனின் அம்மா கண்ணம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மறுபடி மொச்சையில் உட்கார்ந்தார். தமிழ்மதி கதவோரம் நின்றாள். இளஞ்செழியன் நின்றபடியே பேசினான்.

"சமாதானம் பேச வந்திருந்தா வேண்டாம்க்கா."

"சமாதானம் பேச வரலப்பா. தப்பு என்னுதுன்னு சொல்ல வந்தேன். எழுதியே கொண்டாந்திருக்கேன்" என்று தாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். டி.என்.ஏ. இரட்டை இழை, கதிர் பட்டால் அறுபடும், அறுந்ததை ஏ.டி.எம். என்ற புரதம் கண்டுபிடிக்கும், அது உடனே பி-53 என்ற இன்னொரு புரதத்துக்குத் தகவல் கொடுக்கும் என்று வகுப்பில் சொல்வதை அப்படியே சொன்னேன்.

"ஏ.டி.எம்மா? வயித்துக்குள்ளயா?" என்றான் இளஞ்செழியன்.

மொச்சை உரித்த கண்ணம்மாள் கூட நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷப் படிப்பு அந்த வாசலில் மானம் கெட்டு நின்றது. பிரிஸ்கில்லா என் முழங்கையை மெல்லத் தொட்டுவிட்டு எழுந்து தோட்டத்துக்குள் இறங்கினாள். செடிகளின் அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடியது.

"தம்பி, இதை அணில் கடிக்குமா?"

"தெனமும் கடிக்குது. அது ஒரு ரோதனை."

"கடிச்சா என்ன செய்வ?"

"மொதல்ல வால்வை மூடுவேன். அறுந்த எடத்தை வெட்டி ஜாயின்ட்டு போடுவேன். அப்புறம் தொறந்து விடுவேன்."

"ரொம்பக் கடிச்சு நாசமாக்கிருந்தா?"

"அந்த லைனை அடைச்சு விட்டுருவேன். பக்கத்து லைன்ல தண்ணி போவும்."

"இதேதான் டீச்சர் சொல்றது" என்றாள். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்த மாதிரி வால்வு மூட ஒரு ஆளு, ஜாயின்ட்டு போட ஒரு ஆளு, தேறாதுன்னா அடைச்சு விட ஒரு ஆளுன்னு பொறக்கும்போதே எழுதி வச்சிருக்கு. இழை அறுந்ததும் செல்லு பிரியறதை நிறுத்திரும். ஒட்டிட்டுத்தான் மறுபடி பிரியும். ஒட்ட முடியலைன்னா அந்தச் செல்லு தன்னையே முடிச்சுக்கிரும். கெட்டதைப் பெருக்க விடாது. எக்ஸ்ரே எடுக்காதவங்க உடம்புலயும் அணில் தெனமும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அன்னிக்கு நானும் ஒரு கடி கடிச்சிட்டேன். அம்புட்டுத்தான்."

இளஞ்செழியன் என்னைப் பார்த்தான். இந்த முறை நான் அடக்கமாகச் சொன்னேன். அந்த அளவு கதிரில் பத்துப் பன்னிரண்டு செல்லுக்கு ஒன்றில், ஒரே ஒரு இடத்தில் இரண்டு இழையும் அறுந்திருக்கலாம். மீதி ஒற்றை இழைக் கீறல்கள், அவை தினமும் ஆயிரக்கணக்கில் வந்து போகிறவை. இரண்டு வாரக் கருவில் சேதம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் கரு தங்கவே தங்காது. தங்கிவிட்டால் மற்ற செல்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வளர்ந்துவிடும்.

"அப்ப பிள்ளை நல்லாப் பொறக்கும்னு எழுதித் தாரீங்களா?" என்றான் அவன்.

நானாக இருந்தால் தருகிறேன் என்று சொல்லியிருப்பேன். ஒரு உயிர் தப்பினால் சரி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். பிரிஸ்கில்லா சொல்லவில்லை.

"அதை யாராலயும் எழுதித் தர முடியாதுப்பா. எக்ஸ்ரேயே பாக்காத வயித்துலயும் நூத்துக்கு மூணு பிள்ளை ஏதாவது கொறையோட பொறக்குது. உன் பிள்ளை அந்த மூணுல வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். என் மெசினால அந்த மூணு நாலா ஆவாதுன்னு மட்டும் எழுதித் தாரேன். நாளைக்கு அதே ஆஸ்பத்திரில பெரிய டாக்டரம்மாகிட்ட இந்தத் தாளைக் காட்டு. அவங்க கலைக்கத்தான் வேணும்னு சொன்னாக் கலைச்சுக்க."

கதவோரத்திலிருந்து தமிழ்மதி வந்து, கணவன் வாங்காத தாளை வாங்கிக்கொண்டாள். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா கலைக்கறதுக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பயத்துல இது பரவால்ல" என்றாள். மறுநாள் டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு, கலைக்க ஒரு காரணமும் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

சென்டரில் பிரிஸ்கில்லாவின் கேள்வி மாறியது. சுவரில் பெரிய மாதக் காலண்டரை மாட்டினாள். கடைசியாக விலக்கான தேதியில் விரலை வைக்கச் சொல்கிறாள். அறுபது வயதுக் கிழவியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. தான் செய்த தப்பை மற்ற சென்டர்களில் இருக்கும் டெக்னீசியன்களைக் கூப்பிட்டு அவளே சொன்னாள். ரொனால்டு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் தப்பை ஊருக்குப் பறையடித்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த எட்டு மாதமும் அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். தமிழ்மதியின் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின நாள் கோயிலுக்குப் போவாள். "மெழுகுத்திரி ஏத்துனா அறிவியல் கோவிச்சுக்கிருமா டீச்சர்?" என்று கேட்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை இளஞ்செழியன் பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அத்தோடு நிறுத்தாமல், "கையில ஒரு விரலு கூட இருக்குக்கா" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் பிரிஸ்கில்லா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. "ரெண்டு வாரத்துல கையே உருவாகியிருக்காதுல்ல டீச்சர்?" "ஆகியிருக்காது" என்றேன். "தெரியும். தெரிஞ்சும் கேக்குறேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டாள்.

வார்டில் தமிழ்மதி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி, அவரை விதை அளவில் ஒரு குட்டி விரல், நகத்தோடு. இளஞ்செழியன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டே, "மூணு நாலா ஆவாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றான். பிரிஸ்கில்லா அந்தக் குட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெந்நீர் வாங்கப் போயிருந்த கண்ணம்மாள் அப்போதுதான் உள்ளே வந்தார். மகன் நிற்கிற நிலையைப் பார்த்தார்.

"ஏலே, இந்த விரலுக்கா இம்புட்டு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, அவனுடைய இடது கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தார். சுண்டுவிரலின் ஓரத்தில் மிளகு போல ஒரு புடைப்பு. "இது என்ன?"

"மரு."

"மருவா? நீ பொறக்கயில உனக்கும் இங்கன ஒரு விரலு. ஏழாம் நாளு நர்ஸம்மா நூலைப் போட்டு இறுக்கிக் கட்டுச்சு, கருகி விழுந்துருச்சு. உங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. அவரு கடைசி வரைக்கும் எடுக்கல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"விழுந்துபோன விரலைப் பத்தி என்னத்தைச் சொல்றது?"

மூன்று தலைமுறையாக வழிவழியாக வரும் மரபணு என்று வகுப்பெடுக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அடக்கிக்கொண்டேன். பிரிஸ்கில்லா சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

இளஞ்செழியன் தன் கையையும் குழந்தையின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "அக்கா, அன்னிக்குத் திங்கக்கிழமை நாங்க..." என்று ஆரம்பித்தவன் மேலே சொல்ல முடியாமல் நின்றான்.

"செய்யலைல்ல?" என்றாள் பிரிஸ்கில்லா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளை பசிக்கு அழுவுது பாரு. தூக்கி அவகிட்டக் குடு."